களிமண் வைக்காத குழி

பழைய எபாக்சிப் பசையை எடுப்பதில் அவசரம் உதவாது, இன்ஸ்பெக்டர் ஐயா. சூடான இரும்புக் கம்பியைக் காட்டினால் பசை மெல்ல இளகும். பிறகு உளியால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். மரத்தில் கீறல் விழாது. நீங்கள் கொடுத்த துப்பாக்கியின் மரப்பிடியிலும் அப்படித்தான் எடுத்தேன்.

அந்தப் பசை நான் ஊற்றியதுதான். துப்பாக்கியைக் கொண்டுவந்தவர் என் தங்கையின் கணவர். "மச்சான், குழல் பிடிக்குள்ள ஆடுது. குறி இடது பக்கமா இழுக்குது" என்றார். கூட வந்த தங்கையின் கன்னம் வீங்கியிருந்தது.

"என்னம்மா இது?"

"பின்வாசல் படியில வழுக்கிட்டேண்ணா."

"போன மாசமும் படிதானா?"

"படி என்ன, மாசத்துக்கு ஒண்ணு மாத்துவாங்களா? போலீஸ்காரன் மாதிரி நோண்டாதண்ணா."

"நான்தான் தள்ளிவிட்டேன்னு எழுதிக்குங்க மச்சான்" என்று மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் அல்லவா?

குழல் ஆடாமலிருக்க மரப்பிடிக்குள் பசை ஊற்றுமுன் விசை இருக்கும் குழியைக் களிமண்ணால் அடைப்போம். உள்ளே வழிந்து இறுகினால் விசை முழுதாகத் திரும்பாது. பாதுகாப்புப் பூட்டை விலக்கியதுமே வெடிக்கும். மாப்பிள்ளை குண்டை எடுக்காமலே பூட்டை விலக்கி, குழலைத் தன் தாடைப் பக்கம் சாய்த்துவைத்துத் துடைக்கிறவர். எத்தனையோ தரம் கண்டித்திருக்கிறேன், கேட்டதில்லை.

அவர் துடைத்த அன்று தங்கை எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். அன்றைக்கென்று குழல் அவள் பக்கம் இருந்தபோது வெடித்திருக்கிறது.

விசையைத் தொடவேயில்லை என்று மாப்பிள்ளை உங்களிடம் அழுதார். அதைச் சோதிக்கத் துப்பாக்கியை என்னிடமே தந்தீர்கள். செத்தது என் தங்கை, அவருக்காக நான் பொய் சொல்லமாட்டேன் என்று கணக்குப் போட்டீர்கள். தப்பில்லை. அவருக்காகச் சொல்லவில்லை. உள்ளே பார்க்கப் பசையை எடுத்தாகவேண்டும் என்றேன், தலையாட்டினீர்கள். குழியில் இறுகியிருந்த துளியையும் சேர்த்துச் சுரண்டினேன். துப்பாக்கியில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவளை அவர் அடிப்பார் என்பதையும் மறக்காமல் சேர்த்தேன். அவர் உள்ளே போனார்.

களிமண்ணை மறந்துவிட்டேனா என்று கேட்பீர்கள். உருட்டிக் கையில் வைத்திருந்தேன், ஐயா. திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன்.

எல்லாம் தங்கைக்காகத்தான். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து, கைகால் கழுவ அவள் வீட்டுப் பின்வாசல் படியில் இறங்கினேன். கால் வழுக்கிற்று. கன்னம் சுவரில் இடித்து வீங்கியது. யாராவது தண்ணீர் கொட்டியிருப்பார்கள். அதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.