பாசிச் சுவரைக் காத்த பேராசிரியர் சைதூன் பீவி அவர்களுக்கு

சாரலிலே பிறந்து, சாரலிலே வளர்ந்து, சாரலைத் தேடியே நார்வே வரை சென்று மீண்ட தாவரவியல் தாரகையே! வழுக்கி விழுந்தவரெல்லாம் வைத பாசியை வாஞ்சையோடு வளர்த்த வித்தகரே! முப்பத்தோர் ஆண்டுகள் முதல் மணிக்கு முன்பே வந்து எங்கள் மானத்தை வாங்கிய முனைவர் சைதூன் பீவி அவர்களே! அம்மையாரின் கதையை அம்மையார் முன்னிலையிலேயே சொல்லத் துணிந்தோம், அவையோர் கேட்கட்டும்.

பெரணிகளைப் பற்றி ஆராய அச்சன்புதூரிலிருந்து பெர்கன் நகருக்குப் போன முதல் வாரத்திலேயே, ஆய்வகத்தில் பக்கத்து மேசைக் கல்லில் பச்சையாய் அழுக்கேறிக் கிடந்ததை அவர் கண்டார்; பொறுக்கவில்லை; பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவைத்தார். அது அந்த மேசைக்குரிய மாணவி சோல்வெய்க் நான்கு மாதமாக வளர்த்த பாசி. சோல்வெய்க் கல்லைப் பார்த்தார், நம்மவரைப் பார்த்தார். ஆய்வு வழிகாட்டியிடம் புகார் சொல்லவில்லை. "மறுபடி வளர்ப்போம், நீயும் சேர்ந்து வளர்" என்றார். நான்காண்டு கழித்து நம்மவர் பாசி நிபுணராகத் திரும்பினார். சோல்வெய்க்கோ நம்மவரை நம்மூர்த் தோழிபோல் "ஏட்டி" என்று அழைக்கக் கற்றிருந்தார்.

ஏழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு நம் கல்லூரி செய்துகொண்ட ஒப்பந்தங்கள், சட்டமிட்ட சித்திரங்களாய் முதல்வர் அறையை அலங்கரிக்கின்றன. அவற்றால் ஒரு கட்டுரையும் பிறக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்திலும் ஒப்பமிடாத இந்த இருவரோ, நம் வடக்குச் சுவரிலும் பெர்கனின் பழங்கல் சுவரிலும் ஒரே அளவில் கட்டம் கீறி, மழைக்கேற்பப் பாசி மாறுவதைச் செவ்வாய்தோறும் ஒன்பது ஆண்டுகள் அளந்தார்கள்.

சோல்வெய்க் நேரில் வருகிறார் என்றதும், அன்பே உருவான நம் முதல்வர் பரமசிவன் ஐயா, அந்தச் சுவரைச் சுரண்டி, வெள்ளையடித்து, 'நல்வரவு' என்றும் எழுதவைத்தார்!

"வெளிநாட்டுக்காரவிய வாராவ மேடம், சுவரு அசிங்கமா கெடந்துச்சு. இப்பம் எப்படி, பளிச்சுன்னு இருக்கா?"

அம்மையார் அளவுகோலைச் சுவரில் வைத்துப் பார்த்தார்; ஒரு கட்டமும் மிஞ்சவில்லை. ஒன்பதாண்டு உழைப்பு போயிற்று, தோழமையும் போய்விடுமோ?

"மழையில உதிந்துட்டுன்னு சொல்லிருங்க மேடம்" என்றோம், அறிஞர்களாகிய நாங்கள்.

"பொய்யி சொல்லியா அவகூட வேல பாக்க? போங்கலே!"

காரிலிருந்து இறங்கிய தோழியை நேரே சுவருக்கே நடத்திச் சென்றார். "எங்க ஆளுவ தேய்ச்சிட்டாவ" என்றார்.

சோல்வெய்க் சுவரைப் பார்த்தார், நம்மவரைப் பார்த்தார். கற்ற தமிழையெல்லாம் திரட்டி, "ஏட்டி, ஒங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டார். இருவரும் சிரித்த சிரிப்பில் 'நல்வரவு' உதிராதது வியப்பே!

துடைத்த சுவருக்குப் பாசி எத்தனை நாளில் திரும்பும்? அக்கணமே பிறந்தது அடுத்த ஆய்வு. பெர்கன் சுவரிலும் பாதியைச் சுரண்டினார்கள். ஆறாண்டில் ஐந்து கட்டுரைகள். ஒவ்வொன்றின் அடியிலும் 'சுவரைத் தூய்மை செய்து உதவிய' முதல்வருக்கு நன்றி!

இன்று தாங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள், அம்மையே. "இனிமே செவ்வாக்கிழமை யாரு அளப்பா?" என்று போன வாரம் தோழியார் தொலைபேசியில் கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. பதில் இதோ, கீழே. பற்றிய கல்லை விடாத பாசியைப்போல் பசுமையோடும் நலத்தோடும் பல்லாண்டு வாழ்க! பெர்கனுக்குச் சொல்லுங்கள், அளவு தவறாமல் வரும்.

தென்காசி.

இவண், ஆளுக்கொரு செவ்வாய் ஏற்றுக்கொண்ட ஆசிரியர்களும் அலுவலர்களும்.
முதல் செவ்வாய்: முதல்வர் பரமசிவன், அளவுகோலுடன் மட்டும்.