கையை எடுத்தால் விழும்

வாத்தியார்: முடிஞ்சது சகலை. இனி சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டுட்டு நீ கையை எடுத்துக்கலாம்.

பல் டாக்டர்: எந்த சைடு ஸ்டாண்டு?

வாத்தியார்: எந்த சைடு ஸ்டாண்டா? ஒரு வண்டிக்கு எத்தனை இருக்கும்? உன் இடது கால்கிட்ட பாரு...

பல் டாக்டர்: அதைத்தான் அப்பவே கழட்டிட்டேனே.

வாத்தியார்: எப்போ?

பல் டாக்டர்: நீங்க தண்ணி குடிக்கப் போனப்ப. அதனால என்ன, சென்டர் ஸ்டாண்டுல தூக்கி நிறுத்திடலாம்.

வாத்தியார்: அது முடியாது சகலை.

பல் டாக்டர்: ஏன் முடியாது? என்னைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிட்டு, இவ்வளவு நேரம் அடியில குனிஞ்சு என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?

வாத்தியார்: சென்டர் ஸ்டாண்டைக் கழட்டிட்டு இருந்தேன்.

பல் டாக்டர்: ஐயையோ... சாயுது! உங்க பக்கம் சாயுது!

வாத்தியார்: பிடிச்சுட்டேன்... பிடிச்சுட்டேன். நீ விட்டுடாத. இப்போ நேரா இருக்கா?

பல் டாக்டர்: நேராத்தான் இருக்கு. நீங்க கையை எடுத்தா உங்க மேல விழும். நான் எடுத்தா என் மேல விழும்.

வாத்தியார்: அப்போ ரெண்டு பேரும் எடுக்க வேண்டாம்.

பல் டாக்டர்: எவ்வளவு நேரத்துக்கு?

வாத்தியார்: கத்தாத. மாமா தூங்கறார்.

பல் டாக்டர்: குறட்டை கேக்குதா?

வாத்தியார்: கேக்குது. மாமனார் குறட்டை இவ்வளவு இனிமையா இருக்கும்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியல.

பல் டாக்டர்: அது நின்னா நம்ம கதை முடிஞ்சது. எழுந்ததும் நேரா வண்டிகிட்டதான் வருவார். அவர் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின வண்டி. ஒரு தடவைகூடக் கீழ விழுந்ததில்லையாம்.

வாத்தியார்: தெரியும். நான் பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கே சொன்னார். பொண்ணைப் பத்தி அப்புறம்தான் பேசினார்.

பல் டாக்டர்: அப்பேர்ப்பட்ட வண்டியை ரெண்டு மருமகனும் சேர்ந்து படுக்க வெக்கப் போறோம்.

வாத்தியார்: வாயை வெச்சுட்டு சும்மா இரு. மெதுவா உருட்டிட்டுப் போய் அந்தச் சுவத்துல சாத்திடுவோம். ஒண்ணு... ரெண்டு... தள்ளு.

பல் டாக்டர்: சகலை, சுவரு அந்தப் பக்கம்.

வாத்தியார்: தெரியுது, தள்ளு.

பல் டாக்டர்: ஏன் இது வளைஞ்சு வளைஞ்சு போகுது?

வாத்தியார்: ஹேண்டில் லாக் போட்டிருக்கேன்.

பல் டாக்டர்: எதுக்கு?

வாத்தியார்: நீ காட்டின வீடியோவுலதானே சொன்னான்? வீட்டுல வண்டியைத் தூக்கி வேலை பாக்கறதுக்கு முன்னாடி, அது நகராதபடி பண்ணணும்னு. பாதுகாப்புதான் முக்கியம்னு.

பல் டாக்டர்: சாவி எங்க?

வாத்தியார்: ஜன்னல் மேல. பத்திரமா வெச்சிருக்கேன்.

பல் டாக்டர்: நிறுத்துங்க, நிறுத்துங்க. கிளம்பின எடத்துக்கே வந்துட்டோம்.

வாத்தியார்: வட்டம்னா அப்படித்தான். ஆரம்பிச்ச புள்ளியிலதான் வந்து முடியும்.

பல் டாக்டர்: இப்போ பாடம் நடத்தணுமா? கணக்கு வாத்தியார்தானே நீங்க, இதுலேர்ந்து தப்பிக்க ஒரு கணக்குப் போடுங்க.

வாத்தியார்: நீ பல் டாக்டர்தானே? பல்லைக் கடிச்சுட்டுப் பிடி.

பல் டாக்டர்: புலி வாலைப் பிடிச்ச கதையா ஆச்சு... சரி, ஒருத்தர் பிடிச்சுட்டு நிக்கலாம். இன்னொருத்தர் ஓடிப்போய் சாவியை எடுத்துட்டு வரலாம்.

வாத்தியார்: யார் பிடிக்கறது?

பல் டாக்டர்: நீங்கதான் மூத்தவர்.

வாத்தியார்: எனக்கு இடுப்புப் பிடிப்பு.

பல் டாக்டர்: நாளைக்கு நான் அடுத்தவன் வாய்க்குள்ள கையை விடணும். கை நடுங்கினா நல்ல பல்லு வந்துடும்.

வாத்தியார்: அதுவும் இல்லாம, நீ போனா திரும்பி வருவியான்னு ஒரு சந்தேகம்.

பல் டாக்டர்: சகலை! என்னையா சந்தேகப்படறீங்க?

வாத்தியார்: நான் போனா வரமாட்டேன். அதை வெச்சுதான் சொல்றேன்.

பல் டாக்டர்: ...சகலை, பூனை.

வாத்தியார்: எங்க?

பல் டாக்டர்: மதில் மேல. எந்தப் பக்கம் குதிக்கும்னு தெரியல.

வாத்தியார்: அது பாட்டுக்கு இருக்கட்டும். அதைப் பாக்காத. பாத்தா வரும்.

பல் டாக்டர்: குதிச்சுடுச்சு. டேங்க் மேலயே உக்காந்துடுச்சு. சூ... சூ!

வாத்தியார்: விரட்டாத! பதறி ஓடினா வண்டி சாஞ்சுடும். உட்காரட்டும். அதுக்குன்னு ஒரு பாரம், அதையும் சேத்து சுமப்போம்.

பல் டாக்டர்: என் கையை நக்குது.

வாத்தியார்: நக்கட்டும். உனக்காவது ஆறுதல் சொல்ல ஒரு ஆள் இருக்கு.

பல் டாக்டர்: அதெல்லாம் இருக்கட்டும். நீங்க எதுக்கு சென்டர் ஸ்டாண்டைக் கழட்டினீங்க?

வாத்தியார்: கிரீஸ் போடத்தான். நீ எதுக்கு சைடு ஸ்டாண்டைக் கழட்டின?

பல் டாக்டர்: நானும் கிரீஸ் போடத்தான்.

வாத்தியார்: எங்க வெச்சிருக்க?

பல் டாக்டர்: மண்ணெண்ணெய்ல ஊற வெச்சிருக்கேன்.

வாத்தியார்: எதுல?

பல் டாக்டர்: ஒரு... எடத்துல. உங்க ஸ்டாண்டு மட்டும் இங்க கீழ கிடக்கு. அதோட போல்ட்டு எங்க?

வாத்தியார்: இருக்கும்.

பல் டாக்டர்: எங்க இருக்கும்?

வாத்தியார்: உலகத்துல எங்கேயாவது இருக்கும். ஷ்... அத்தை வர்றாங்க. சிரி.

அத்தை: ரெண்டு மாப்பிள்ளையும் வெயில்ல இவ்வளவு நேரமா என்ன பண்றீங்க? இந்தாங்க டீ. வாங்கிக்கோங்க.

வாத்தியார்: அங்க வெச்சிடுங்க அத்தை. ஆறட்டும்.

அத்தை: ஆறின டீயைத் தொடவே மாட்டீங்களே, பெரிய மாப்பிள்ளை?

வாத்தியார்: இன்னையிலேர்ந்து பழகிக்கலாம்னு...

அத்தை: சின்ன மாப்பிள்ளை, நீங்களாவது?

பல் டாக்டர்: கையெல்லாம் கிரீஸு அத்தை.

அத்தை: ஏன் இப்படி ஆளுக்கு ஒரு பக்கம் வண்டியைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கறீங்க?

பல் டாக்டர்: ஒரு... பாசம் அத்தை.

வாத்தியார்: மாமா வண்டியில்லையா.

அத்தை: நல்லா இருக்குங்க உங்க பாசம். பூனைகூட சேந்துடுச்சு. சரி, அவரையும் எழுப்பி டீயைக் குடுக்கறேன்.

வாத்தியார்: வேண்டாம்!

பல் டாக்டர்: தூங்கட்டும் அத்தை! நல்லாத் தூங்கட்டும்!

அத்தை: ஏன் ரெண்டு பேரும் ஒரே குரல்ல கத்தறீங்க? தூங்கட்டும், நான் ஏன் எழுப்பறேன்...

பல் டாக்டர்: ...போயிட்டாங்களா?

வாத்தியார்: போயிட்டாங்க. வெயில்ல எனக்கு வேர்க்கல, அத்தை பாத்த பார்வையில வேர்த்துடுச்சு.

பல் டாக்டர்: சகலை, இனிமே தாங்காது. உண்மையைச் சொல்லிடறேன். சைடு ஸ்டாண்டு ஊறல. பின் மதிலுக்கு அந்தப் பக்கம் முள்ளுக்காட்டுல வீசிட்டேன்.

வாத்தியார்: வீசிட்டியா? அடப்பாவி, ஏன்?

பல் டாக்டர்: உங்க கொழுந்தியா உத்தரவு. அப்பாவுக்குக் கண்ணு தெரியல, சொன்னாக் கேக்க மாட்டேங்கறார், சர்வீஸ் பண்றேன்னு சொல்லி எதையாவது கழட்டி வண்டியை முடக்கிட்டு வாங்கன்னா. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னா. முக்கியமா உங்ககிட்ட.

வாத்தியார்: என்கிட்டயா?

பல் டாக்டர்: நீங்க நேர்மையான ஆளாம். காட்டிக் குடுத்துடுவீங்களாம்.

வாத்தியார்: ...அந்த போல்ட்டு.

பல் டாக்டர்: என்ன அந்த போல்ட்டு?

வாத்தியார்: சாக்கடையில போட்டுட்டேன்.

பல் டாக்டர்: சகலை!

வாத்தியார்: அவளோட அக்கா உத்தரவு. அதே வார்த்தை. உன்கிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னா. உனக்கு வாய் நிக்காதாம்.

பல் டாக்டர்: அக்காவும் தங்கச்சியும் பேசி வெச்சுக்கவே இல்லையா?

வாத்தியார்: ரெண்டு பேரும் பேசிட்டு ஏழெட்டு மாசம் ஆச்சே, அந்த பீரோ யாருக்குன்னு சண்டை போட்ட விஷயத்துலேர்ந்து.

பல் டாக்டர்: அவங்க பேசாததுக்கு நாம தூக்கிட்டு நிக்கறோம்.

வாத்தியார்: உதவிக்கு யாரையும் கூப்பிடவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி.

பல் டாக்டர்: ஆனா மாமாவுக்குக் கண்ணு சரியில்லாதது நெஜம்தான். போன தடவை நான் வந்தப்ப, "தபால் ஏதாவது இருக்கா"ன்னு கேட்டார்.

வாத்தியார்: நீ என்ன சொன்ன?

பல் டாக்டர்: இன்னைக்கு இல்லைங்கன்னு சொன்னேன். பாவமா இருந்துச்சு.

வாத்தியார்: எனக்கும் மனசே இல்ல சகலை. சாயங்காலம் அத்தையும் அவரும் இந்த வண்டியில கிளம்பறதைப் பாத்திருக்கியா? நாள் முழுக்க உர்ருனு இருக்கற மனுஷன், அப்போ மட்டும்தான் சிரிக்கறார். நான் போய் அதைப் பிடுங்கறேன். வெக்கமா இருக்கு.

பல் டாக்டர்: பிடுங்காம விட்டு, நாளைக்கு ரெண்டு பேரும் லாரியில போய் மோதினா?

வாத்தியார்: அதுவும் பயமாத்தான் இருக்கு. உரலுக்கு ஒரு பக்கம் இடி, நமக்கு எல்லாப் பக்கமும்... ஏய், குறட்டை கேக்குதா?

பல் டாக்டர்: ...கேக்கல.

வாத்தியார்: நல்லாக் கேளு.

பல் டாக்டர்: நின்னுடுச்சு சகலை. கட்டில் கிறீச்சுங்குது. வர்றார்!

வாத்தியார்: கை வழுக்குது... டேய், வழுக்குது!

அத்தை: கொஞ்சம் தள்ளுங்க மாப்பிள்ளை.

வாத்தியார்: அத்தை! கிட்ட வராதீங்க, மேல விழுந்துடும்!

அத்தை: விழாது. பூனையை முதல்ல எறக்குங்க... போடி. சாவி ஜன்னல்லதான் இருந்துச்சு. நானும் ஜன்னல்லதான் இருந்தேன்.

பல் டாக்டர்: எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?

அத்தை: பீரோ விஷயம் வரைக்கும். தள்ளுங்க, ஏறி உட்காரணும்.

வாத்தியார்: ஏறியா?

அத்தை: ஏறி உட்காந்து ரெண்டு காலையும் ஊனிட்டா வண்டி எங்க போய் விழும்? இவ்வளவு நேரமா ஒருத்தருக்குமா தோணல?

பல் டாக்டர்: எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது அத்தை.

அத்தை: உட்காரத் தெரியுமில்ல? ...ம். லாக்கும் திறந்தாச்சு. இப்போ கையை எடுங்க.

வாத்தியார்: எடுக்கட்டுமா?

அத்தை: தைரியமா எடுங்க.

பல் டாக்டர்: நிக்குது சகலை! நிக்குது!

வாத்தியார்: எனக்கு விரலை நீட்ட முடியல... அத்தை, எங்களை மன்னிச்சுடுங்க. உங்க பொண்ணுங்க பயந்துட்டாங்க. மாமா ஓட்டிட்டுப் போய் ஏதாவது ஆயிடுச்சுன்னா...

அத்தை: அதுங்க பயந்ததுல தப்பே இல்ல. அவர் ஓட்டினா எனக்கும்தான் பயம்.

பல் டாக்டர்: அவர் ஓட்டினாவா? தினமும் சாயங்காலம் ரெண்டு பேரும் இதுலதானே போறீங்க? அப்போ யார்...

அத்தை: சத்தத்தைக் குறைங்க, செருப்பை மாட்டிட்டு இருக்கார். கண்ணுல புரைன்னு சொன்ன அன்னைக்கே சாவியை என் கையில குடுத்துட்டார். தெருமுனை வரைக்கும் தானே ஓட்டப்போற மாதிரி தள்ளிட்டு வருவார். அதுக்கப்புறம் நான் முன்னாடி உக்காந்து ஓட்டுவேன், அவர் பின்னாடி. என் தோளைப் பிடிச்சுட்டு, வராத லாரிக்கெல்லாம் "பாத்து, பாத்து"ன்னு சொல்லிட்டே சின்னப் பையன் மாதிரி சிரிச்சுட்டு வருவார். ஸ்டாண்டு இல்லேன்னா போகுது, இன்னைக்கு எங்கேயும் எறங்காம ஒரு சுத்து போயிட்டு வந்து சுவத்துல சாத்திக்கறோம். இதோ வந்துட்டார், ஹேண்டிலை அவர் கையில குடுத்துடறேன். நீங்க ரெண்டு பேரும் வாசல்ல நின்னு, "மாமா, மெதுவா ஓட்டுங்க"ன்னு அவர் காதுல விழற மாதிரி சொல்லுங்க.