துருப்பிடித்த இலையில் கை வைக்காதீர்கள்

நாற்காலி நிறைய அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் ஹாஜி பஸ்ரான் அவர்களே! முன்வரிசையைப் பிடித்துப் பின்வரிசைக்கு மேடையை மறைத்திருக்கும் பெரியோர்களே! சம்பல் அரைத்த கையைத் துடைத்தபடியே ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! பரிட்டோ ஆற்றுச் சேற்றில் பிறந்து, அதே சேற்றில் சோறு காணும் என் பஞ்சார் இனத்து உறவுகளே! இந்த ஊரில் பிறந்து நெல் ஆராய்ச்சிக்குப் போன நோர்ஹிதாயா, உங்கள் அனைவருக்கும் ஸலாம் சொல்கிறேன்.

நாளைக் காலை மாவட்டத்தை ஆளும் பெரியவர் படகில் வருகிறாராம். கேமராவும் கூட வருகிறதாம். ஆகவே கால்வாய்க் கரைப் பயிரில் துருப்பிடித்த அடியிலைகளை எல்லாம் இன்றைக்கே அறுத்துவிட வேண்டுமாம். தலைவர் உத்தரவு! ஏன் ஐயா? வருகிறவர் இலைக்கு மாலை போடவா வருகிறார்?

நம் மண் எப்படிப்பட்ட மண்? தண்ணீர் ஏறி நின்றால் மண்ணிலுள்ள இரும்பெல்லாம் கரைந்து வந்துவிடும். வெள்ளைச் சட்டை ஒரே துவையலில் செங்கல் நிறமாகும். அந்த இரும்பைக் குடிக்காவிட்டால் பயிர் வெளுக்கும். அளவு மீறிக் குடித்தால் செல் உள்ளிருந்தே வெந்து போகும். அப்போது என்ன செய்கிறது நம் நெல்? அழுகிறதா? மனு எழுதுகிறதா? செல்லுக்குள் ஒரு காவல் புரதம் இருக்கிறது. இரும்பு வந்து அதன் மேல் ஒட்டும். ஒட்டியதும் உணரும், உணர்ந்ததும் உள்ளே இழுக்கும் வேலையை அடக்கும். போதும் என்று உணரும் ஒன்று, ஊசிமுனை அளவுகூட இல்லாத செல்லுக்குள் இருக்கிறது! மேடையில் இருக்கும் எங்களுக்குள் இருக்கிறதா? தலைவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, மூன்றாவது தட்டுப் பணியாரம் உங்கள் முன்னால்தான் இருக்கிறது.

சரி, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட இரும்பு? ஃபெரிட்டின் என்றொரு புரதம், உள்ளே வெற்றிடம் உள்ள உருண்டை. ஆயிரமாயிரம் இரும்பணுக்களை அதில் அடைத்துப் பூட்டும். செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பையும் தன் பங்குக்குக் கொஞ்சம் வாங்கி வைக்கும். பூட்டிய இரும்பு யாரையும் சுடாது, தேவைப்பட்டால் பயிர் எடுத்துக்கொள்ளும். எங்கே பூட்டுகிறது என்று அங்கிருந்து ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி! வேரில், தண்டில், வயதான அடியிலையில்! இடம் கொள்ளாமல் போனால் அந்த இலை துருப்புள்ளி விழுந்து சாகும், இளங்குருத்து பிழைக்கும். அந்த இலையைத்தான் அசிங்கம் என்கிறீர்கள்.

போன பருவம் சர்க்காவி மாமா என்ன செய்தார்? ஒளியாதீர்கள் மாமா, அந்தத் தூண் உங்களை மறைக்காது. சம்பந்தி வீட்டார் படகில் வருகிறார்கள் என்றதும் அரிவாளோடு வயலில் இறங்கிவிட்டார். அவர் மனைவி மஸ்னியா அக்கா தடுத்தும் கேட்கவில்லை. மானம் போய்விடுமாம்! அடியிலை முழுவதையும் மொட்டையடித்தார். சம்பந்திகள் வந்தார்கள், சுட்ட விரால் மீனைத் தின்றார்கள், வயல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். அப்புறம் தண்ணீர் ஏறியது. பூட்ட இடமில்லாத இரும்பு நேரே இளம் இலைக்கு ஏறியது. கல்யாணச் சோற்றுக்கென்று வைத்திருந்த வயல் முழுக்கப் பதர். கல்யாணமும் தள்ளிப்போனது.

மஸ்னியா அக்கா எழுந்து நிற்கிறார். பேசுங்கள் அக்கா, உங்கள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"தலைவரே, கரையோரத்து வயலு ஒண்ணுதான் எங்களுக்கு. இந்தத் தடவையாவது அது வெளஞ்சாத்தான் எம்பொண்ணுக்குக் கல்யாணம். பெரியவரு படகு வரும், போயிரும். நாங்க எங்க போறது?"

கைதட்டாதீர்கள். அவர் கைதட்டலுக்காகப் பேசவில்லை. காற்றும் வெயிலும் படாத நாற்காலியில் இருக்கும் தலைவர் அவர்களே, ஆராய்ச்சியை விடுங்கள், அறிவியலை விடுங்கள். அந்தத் தாய்க்குப் பதில் சொல்லுங்கள். அறுக்கவா? விடவா?

என்ன சொல்கிறீர்கள்? எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள் ஐயா.

"இலை இருக்கட்டும். பெரியவரு கேட்டா நான் பேசிக்கிறேன்."

துரு என்னவென்று கேட்டால் என்ன பேசுவீர்கள்?

"இந்த வயலு வெளஞ்சதும் கல்யாணத்துக்கு வாங்கன்னு சொல்லுவேன்."

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி, கேலியைத் தாங்கிய மாமாவுக்கு இரட்டை நன்றி. அரிவாள் கொண்டுவந்தவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். அனைவருக்கும் ஸலாம்!