கடைசி வரியின் எண்கள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டபோது ஆசிரியை வருத்தப்பட்டது அதற்காக மட்டும்தான்.

பிறகு அத்தை வீட்டில் இருந்தேன். அத்தை தையல்காரி. இடது கண் சிறு வயதிலேயே போய்விட்டது. வலது கண்ணில் புரை. நான் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பேன், பித்தான் தைப்பேன், மீதி நேரம் நோட்டில் எழுதித் துணிக்கட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பேன். பெரும்பாலும் அத்தையைப் பற்றித்தான். நல்லதாக ஒன்றும் இல்லை.

அவருக்குத் தெரியும். "கண்ணு மட்டும் தெரியட்டும், முதல் வேலையா உன் மகாகாவியத்தைத்தான்டி படிக்கப் போறேன்," என்று சிரிப்பார்.

புரைக்கு அறுவைச் சிகிச்சை செய்தபோது லென்ஸைத் தாங்கும் மெல்லிய பை கிழிந்துவிட்டது. "பின்னாடி வீக்கம் வரலாம். வந்தா பார்வை குறையும். உடனே கண்ணுல ஊசி போட்டா சரியாயிடும்," என்றார் டாக்டர்.

முதல் மாதம் பார்வை நன்றாக வந்தது. கடிகாரம் தெரிந்தது. ஒருநாள் அத்தை துணிக்கட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த மாதம் மங்கியது. "புகை மூட்டமா இருக்குடி. ஊசின்னா நான் பயத்துலயே செத்துடுவேன்."

"நான் பார்த்துக்கறேன் அத்தை," என்றேன்.

ஆஸ்பத்திரிச் சுவரில் பார்வையைச் சோதிக்க மாட்டியிருந்த எண் அட்டையை ஏற்கெனவே நோட்டில் எழுதிவைத்திருந்தேன். கண்ணில் படுவதையெல்லாம் எழுதுவது என் பழக்கம். பித்தான் தைத்தபடியே கடைசி வரியைச் சொல்லிக்கொடுத்தேன். ஏழு, இரண்டு, ஒன்பது, ஆறு, மூன்று. அத்தை போன் நம்பர் போல மனப்பாடம் செய்தார்.

"கழுகுக் கண்ணும்மா உங்களுக்கு," என்று பரிசோதனையில் நர்ஸ் குறித்துக்கொண்டார். இப்படி மூன்று முறை.

நான்காவது முறை அட்டை மாறியிருந்தது. அத்தை பழைய எண்களையே சொன்னார். டாக்டர் விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அத்தை என்னைத் திட்டவில்லை. "எனக்காகப் பொய் சொன்ன புள்ளைங்க இவ," என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். பயந்தவருக்கு உதவினேன் என்றுதான் நானும் நினைக்கிறேன். மரத்துப்போக மருந்து விட்டபிறகுதான் ஊசி, வலியே தெரியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை மட்டும் நான் அத்தையிடம் சொல்லவில்லை.

இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நோட்டை ஒளித்துவைப்பதில்லை. மேசைமேல் திறந்தே கிடக்கிறது.