நாலாவது மெக்கானிக்

எங்க வீட்டுக்காரர் வர பத்து நிமிஷமாவது ஆகும் தம்பி, எதிர்க்கடைக்குத் தண்ணி குடிக்கப் போயிருக்கார். வண்டிய ஆறு தெரு தள்ளிட்டு வந்தோம்ல. இல்ல இல்ல, ஸ்டார்ட் ஆகும், ஒரே உதையில ஆகும். ஆனா ஓட்ட மாட்டார். சார்ஜ் ஏறாத வண்டிய ரோட்டுல எறக்கக்கூடாதுன்னு அவருக்கு ஒரு கொள்கை. கொள்கை அவரோடது, பின்னாடி கை வச்சுத் தள்ளினது நான். அந்த மீட்டர அப்புறம் எடுக்கலாம், மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க.

எனக்கு என்ன தெரியும்னுதானே பாக்கறீங்க. இந்த வண்டி எங்க பையனவிட ரெண்டு வயசு மூத்தது. வீட்ல மரியாதையும் அதுக்குத்தான் கூட. காயில் கரண்ட் உண்டாக்கும், ரெகுலேட்டர் அத அளவாக்கி அனுப்பும், பேட்டரி சேத்து வச்சுக்கும். சரியா? பேட்டரியில மீட்டர் முனைய வச்சு ஆக்ஸிலேட்டர முறுக்கினா பதினாலு வோல்ட் கிட்ட வரணும். பன்னெண்டுலயே நின்னா சார்ஜ் ஏறல. பதினஞ்சத் தாண்டினா ரெகுலேட்டர் காலி. மூணு மாசமா பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி இந்தப் பாடம்தான்.

மொத ஆளு பேட்டரி மாத்தினார். அது நியாயம், பழசு நெஜமாவே செத்துப்போச்சு. அதோட முடிஞ்சிருக்கணும். ஆனா நம்ம ஆளு சரிபாக்காம விடுவாரா? மின்சார ஆபீஸ்ல முப்பத்திரெண்டு வருஷம் வீடு வீடாப் போய் மீட்டர் பாத்து எழுதின மனுஷன். அவருக்கு மனுஷங்க சொல்றது பேச்சு, மீட்டர் சொல்றதுதான் உண்மை. ஒரு மீட்டர் வாங்கிட்டு வந்துட்டார். வச்சுப் பாத்தா பன்னெண்டு புள்ளி ஒண்ணு.

ரெண்டாவது ஆளு சைலன்சர் பக்கத்துல காத வச்சு, கண்ண மூடிக் கேட்டார். கச்சேரி கேக்கற மாதிரி தலையெல்லாம் ஆட்டினார். காயில் அவுட்டுன்னார். ஒரு தடவ மீட்டர் வச்சுப் பாத்துடுங்களேன்னேன். மீட்டர் எதுக்கும்மா, அனுபவம் இருக்குன்னார். புதுக் காயில் போட்டு வீட்டுக்கு வந்தா பன்னெண்டு புள்ளி ரெண்டு.

மூணாவது ஆளு போர்டுலயே ஸ்பெஷலிஸ்ட்டுன்னு எழுதி வச்சிருக்கார். காயில மாத்தினவன் மடையன், இது ரெகுலேட்டர்தான்னு அடிச்சுச் சொன்னார். மாத்தினார். ஏறல. அப்போ வயரிங்தான்னு அதையும் அடிச்சுச் சொன்னார். அதையும் மாத்தினார். இப்போ ஹாரன் அடிச்சா வலது இண்டிகேட்டர் எரியுது. ஏங்கன்னு கேட்டா, பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்கறார். இவ்வளவுக்கும் ரெண்டு பேருமே ஒரு தடவகூட மீட்டர் வைக்கல தம்பி. நாங்க நம்பர் சொல்லுவோம், அவங்க ஸ்பேனர எடுப்பாங்க.

நீங்களும் அப்படியே ஏதாவது ஒண்ண மாத்திட்டா என்ன? சீட்டுக்கு அடியில ஏதோ ஒண்ணு. அட, வேணாம்னு சொல்லச் சொல்ல மீட்டர எடுக்கறீங்களே. சரி, வைங்க. தொழில் தெரிஞ்சவர்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன்.

ஆமா. பதினாலு புள்ளி ரெண்டு. தட்டாதீங்க, உங்க மீட்டர் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பேட்டரி போட்ட நாள்லேருந்து அதுதான் காட்டுது.

சேச்சே, அவர் பொய் சொல்ற ஆளே இல்ல. அவர் முனையப் புடிச்சுக்குவார், எழுத்து பொடிசா இருக்கு, நீ படின்னுவார். நான் படிப்பேன். மொத நாள் வாயில பன்னெண்டுன்னு வந்துடுச்சு. அவர் சாவிய எடுத்து ஆணியில மாட்டிட்டார். அன்னைக்கு ராத்திரிதான் நான் நிம்மதியாத் தூங்கினேன்.

ஏன்னா, அதுக்கு முந்தின வாரம் பஸ் ஸ்டாப்புல என்னய ஏத்திக்க வந்தார். நான் ரோட்டோரமா நின்னு கைய ஆட்டறேன். நேரா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, புடவையில ஹேண்டில் உரசற மாதிரி போயிட்டார். எனக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட நின்னுச்சு. வீட்டுக்கு வந்தா, ஏன் நீ ஸ்டாப்புக்கு வரலன்னு என்னயத் திட்டறார்.

சொல்லாம இருப்பேனா? கண் டாக்டர்னு வாயத் தொறந்தா மூணு நாள் பேச்சு கெடையாது. ரொம்பக் கெஞ்சினதுல எறங்கி வந்திருக்கார். வண்டி சரியாகட்டும், ஆஸ்பத்திரிக்கு அதுலயே போயிடலாம்கறார்.

தப்புதான், எனக்குத் தெரியாதா. முப்பத்திரெண்டு வருஷம் மீட்டர் படிச்ச மனுஷனுக்கு நான் தப்பாப் படிச்சுக் காட்டறேன். வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு தெனம் அதத் தடவிக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கார். பாத்தா அழுகையா வருது. ஆனா வீட்ல இருக்கார்ல.

அதோ, ரோட்டத் தாண்டறார். நீங்க பொய் சொல்ல வேணாம் தம்பி, உங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம். மீட்டர இப்படித் திருப்பி வைங்க, நானே படிக்கறேன்.