பன்னிரண்டாம் அறையிலிருந்து வந்த போன்

மாலை ஏழு மணி இருக்கும். செங்கத்திலிருந்து வந்த பஸ், திருவண்ணாமலை ஆசிரமத்துக்கு முன்னாலேயே ஒரு திருப்பத்தில் இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஒரு ஆண், ஒரு பெண். பெரிய பெட்டி ஒன்று, தோள்பை ஒன்று. மழை அப்போதுதான் விட்டிருந்தது. மலைப்பக்கம் பிரியும் மண் ரோட்டில் ஒரு விளக்குகூட இல்லை... மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எங்கோ ஒரு மயில் கத்தியது. அப்புறம் அதுவும் இல்லை.

சரோஜா, முதலில் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். நாளைக்கு ஓட்டுப்பதிவு. இந்த ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்தில் நம் நாலு பேரையும் ஓட்டு மெஷினையும் விட்டால் வேறு யாரும் இல்லை. கரண்ட் வருவதாகத் தெரியவில்லை. பேய்க் கதை சொல்லு, சொல்லு என்று உயிரை எடுத்தது நீங்கள்தான். அப்புறம் வெளியே போகத் துணைக்கு என்னை எழுப்பக் கூடாது, ஆமாம்.

இது நம் கலெக்டர் ஆபீஸ் கவிநிலா இருக்கிறாளே, அவளுடைய சித்தி மகளுக்கு நடந்தது. பேர் தென்றல். கலசபாக்கம் பக்கம். வருஷம் இரண்டாயிரத்து மூன்று. அப்பா இல்லாத பெண். தாய்மாமன் வேணுதான் மாப்பிள்ளை பார்த்தார். மாப்பிள்ளை பேர் புகழேந்தி, செங்கத்துக்காரன். மோட்டார் பம்ப் கம்பெனியில் ஊர் ஊராகப் போகிற வேலை. நல்ல சம்பளம், நல்ல பேச்சு. இரண்டாம் தாரம். முதல் மனைவி கவியா இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது என்றார்கள். மாமா அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கவில்லை. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். மாடு வாங்கப் போனால்கூட பல்லைப் பிடித்துப் பார்க்கிற மனுஷன் அவர்.

எப்படி இறந்தாள் என்று தென்றல் மாமியாரிடம் கேட்டாள். காய்ச்சல் என்றாள் மாமியார். நாத்தனாரிடம் கேட்டாள். மஞ்சள் காமாலை என்றாள் அவள். புருஷனிடம் கேட்டாள். "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று டீவி சத்தத்தை ஏற்றினான். வீட்டில் கவியாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. செத்தவளுக்கு ஒரு மாலை போட்ட படம்கூடவா இருக்காது? எனக்கு சந்தேகப் புத்தி ஜாஸ்தி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவனுக்கு சூரத்துக்கு மாற்றல் வந்தது. மறுநாள் காட்பாடியில் ரயில். பாஷை தெரியாத ஊர், தெரிந்த முகம் ஒன்று இல்லை, அவனும் அவளும் மட்டும். போவதற்கு முன்னால் அண்ணாமலையாரைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று திருவண்ணாமலையில் ஒரு ராத்திரி தங்க வந்தார்கள். போகலாமா, வேண்டாமா... பஸ்ஸில் வரும்போதெல்லாம் தென்றலுக்கு இதே நினைப்புதான். யாரிடம் சொல்வாள்? காரணம் கேட்டால் என்ன சொல்வாள்?

டவுனில் கோயிலைச் சுற்றி எத்தனை லாட்ஜ்! அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த இருட்டு ரோட்டில்தான் அவன் ரூம் சொல்லியிருந்தான். "அமைதியா இருக்கும்" என்றான். பௌர்ணமி இல்லாத நாள். லாட்ஜில் ஈ, காக்கை இல்லை. கீழே வரவேற்பில் காசி என்று ஒரு ஆள், சின்ன டீவி ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடியில் ஏழாம் நம்பர் சாவியைக் கொடுத்தார்.

ரூமுக்குள் போனதும் புகழேந்தி செய்த முதல் வேலை என்ன தெரியுமா? முகம் கழுவவில்லை. விபூதி பூசவில்லை. தோள்பையிலிருந்து லுங்கியில் சுற்றிய விசிடி பிளேயரை எடுத்தான். எந்த ஊருக்குப் போனாலும் அது கூடவே போகும். அதோடு மூன்று கலர் ஒயர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பிளேடு, சின்னதாக ஒரு டப்பா. லாட்ஜில் இருந்த பழைய டீவியில் அந்தக் கலர் ஒயர் சொருக ஓட்டை கிடையாது. அதற்குத்தான் டப்பா. பிளேயர் ஒயர் டப்பாவுக்குள் போகும், டப்பாவிலிருந்து ஒரு ஒயர் டீவியின் ஆன்டெனா ஓட்டைக்குப் போகும். அப்படிப் போடும்போது லாட்ஜ் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இவன் கழற்ற மாட்டான். கேபிளும் வேண்டும், படமும் வேண்டும். இரண்டு ஒயரையும் பிளேடால் சீவி ஒன்றாக முறுக்கிவிடுவான். ஒரே கேபிள்தானே எல்லா ரூமுக்கும் போகிறது? இவன் போடுகிற படம் மற்ற ரூம் டீவியிலும் தெரியும்.

"லாட்ஜுக்கே ஓசிப் படம் காட்டறவன்டி உன் புருஷன்" என்று சிரித்தான். டிஸ்க் பையை அவளிடம் கொடுத்தான். "நல்ல காமெடிப் படம் ஒண்ணு இருக்குது, பாத்துக்கினு இரு. நான் போயி டிபன் வாங்கியாறேன்."

கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போனான். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

தென்றல் காமெடிப் படக் கவரைத் தேடி எடுத்து, உள்ளே இருந்த டிஸ்க்கைப் போட்டாள். பிளேயர் கிர்ரென்று சுற்றியது... திரை நீலமாக இருந்தது... அப்புறம் நாதஸ்வரம்.

படம் இல்லை. கல்யாண விசிடி. மாலையும் கழுத்துமாகப் புகழேந்தி. பக்கத்தில் ஒரு பெண்.

அன்றைக்குத்தான் தென்றல் கவியாவை முதன்முதலாகப் பார்த்தாள். நல்ல வாட்டசாட்டமான பெண். கன்னத்தில் குழி. யாரோ கிண்டல் செய்ய, தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். பார்க்கப் பார்க்கத் தென்றலுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பாவம், எவ்வளவு ஆசையாகச் சிரிக்கிறாள்...

டிரிங்.

கட்டில் பக்கத்து இன்டர்காம். தூக்கி வாரிப் போட்டது. எடுத்தாள். கீழேயிருந்து காசி.

"அம்மா, உங்க ரூம்ல ஓடற கல்யாணப் படம் இங்க எல்லா டீவிலயும் தெரியுதும்மா."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்கண்ணா. நிறுத்திடறேன்."

"வாணாம்மா, வாணாம். பன்னண்டாம் நம்பர்ல இருக்கற அம்மா ஆசையா பாத்துக்கினு இருக்கறாங்க. தாலி கட்டற எடத்த இன்னொரு தபா போடச் சொல்றாங்க."

வெட்கமாகப் போய்விட்டது தென்றலுக்கு. யாரோ வயதானவர்கள் போல, கல்யாணம் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்தாள். ரிமோட்டை அமுக்கிப் பின்னால் ஓட்டினாள். மறுபடியும் கெட்டிமேளம். மறுபடியும் அட்சதை. மண்டபத்துச் சத்தம் வராந்தாவில் எங்கோ இன்னொரு டீவியிலும் கேட்டது, ஒரு நொடி பின்னால்... எதிரொலி போல.

டிரிங்.

"அம்மா, கோச்சிக்காதீங்க. பால் பழம் குடுப்பாங்களே, அந்த எடம் வந்தா அப்படியே நிறுத்தி வெக்கணுமாம்."

எந்தக் கல்யாணத்திலும் உண்டுதானே அது. மாப்பிள்ளை முதலில் பாதிப் பாலைக் குடித்துவிட்டு, மீதியைப் பெண்ணிடம் கொடுப்பான். அந்தக் காட்சி வந்தது. வெள்ளி டம்ளர். புகழேந்தி வாயருகே கொண்டுபோய்க் குடிக்கிறான். தென்றல் நிறுத்தினாள். படம் உறைந்து நின்றது.

எதற்கு நிறுத்தச் சொன்னார்கள்? தன் புருஷனுக்கும் கவியாவுக்கும் நடந்த கல்யாணத்தில், எவளோ ஒருத்திக்கு என்ன வேலை? அதிலும் பால் குடிக்கிற இடத்தில் நிறுத்தி வைத்து அவள் என்ன பார்க்கப் போகிறாள்?

செருப்புச் சத்தம். கதவு திறந்தது. புகழேந்தி.

ஒரு கையில் இட்லிப் பொட்டலம். இன்னொரு கையில் நூலால் கட்டிய பாலிதீன் கவரில் சூடான பால். டீவியைப் பார்த்தான். அப்படியே நின்றான்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"காமெடிப் பட கவர்லதான் இருந்துச்சு."

"இத நான் ஒடைச்சு குப்பைல போட்டேனே..."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சட்டென்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

டிரிங்.

இந்த முறை அவன் எடுத்தான். காதில் வைத்தான். பேசவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தான்... நெற்றியில் வியர்வை அரும்பியது. மெதுவாக வைத்தான்.

"யாருங்க?"

"ராங் நம்பர்."

லாட்ஜ் இன்டர்காமில் ராங் நம்பராம். அவன் திரும்பி நின்று பாலை ரூம் டம்ளரில் ஊற்றினான். அவள் பார்த்தது அவன் முதுகைத்தான். ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கொஞ்சம் அதிகமாகவே ஆனது. ரூம் முழுக்க ஏலக்காய் வாசனை. ஏலக்காய் ரொம்ப ஜாஸ்தி... மூக்கை அடைக்கிற மாதிரி.

"குடிச்சிட்டு நேரமா தூங்கு. காலைல வண்டி."

"இன்னும் இட்லியே சாப்பிடலயே?"

"மொதல்ல பாலக் குடி. ஆறிடும்."

டம்ளரை வாங்கினாள். கை சுட்டது. உதட்டருகே கொண்டுபோனாள்...

டிரிங்.

அவன் பாய்ந்து வருவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். காசி இல்லை. பெண் குரல். இளம் குரல். பின்னால் அதே நாதஸ்வரம், அதே கூட்டத்துச் சத்தம்... இங்கே படம் நின்றுபோயிருக்க, அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

"மொதல்ல அவர குடிக்கச் சொல்லும்மா."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

தென்றல் போனை வைத்தாள். அவள் எங்கிருந்து அந்தத் தைரியத்தை எடுத்தாளோ, எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

"நீங்க மொதல்ல குடிங்க. பாதி குடிச்சிட்டு குடுங்க."

"எனக்கு எதுக்கு? நீ குடி."

"ஒரு வாய்."

"எனக்குப் பால் ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

மூன்று மாதமாக அவள் கையால் தினமும் பால் குடித்தவன் அவன். அவனுக்குப் பின்னால், டீவியில், அவனே பெரிதாக நின்று வெள்ளி டம்ளரில் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

தென்றல் டம்ளரை மேஜைமேல் வைத்தாள். பெட்டியை எடுக்கவில்லை. செருப்பு போடவில்லை. நேராகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான்... போன் மறுபடியும் அடித்தது. அவன் போனைத் திரும்பிப் பார்த்த அந்த இடைவெளியில் அவள் படியிறங்கிவிட்டாள்.

கீழே காசி எழுந்து நின்றார். "இன்னாம்மா, வெறுங்காலோட?"

"அண்ணா, எனக்கு ஒரு ஆட்டோ கூப்பிடுங்க. அந்தப் பன்னண்டாம் நம்பர் அம்மாகிட்ட நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லிடுங்க."

"நேர்லயே சொல்லியிருக்கலாமேம்மா? இப்பதான் கீழ வந்து, உங்க ரூமுக்குப் போறேன்னு மேல ஏறிப்போனாங்க. படியில பாக்கலியா?"

அந்த லாட்ஜுக்கு ஒரே ஒரு மாடிப்படிதான்.

அப்போது மாடியில் டீவிச் சத்தம் ஏறியது. கெட்டிமேளம். ஏழாம் நம்பர் கதவு சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம்... டக்.

தென்றல் அன்றைக்கே கலசபாக்கம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா மடியில் விழுந்து அழுதாள். வேணு மாமாவுக்கு நம்பிக்கை இல்லை. "புருஷன் பொஞ்சாதி சண்டைக்கு இப்படி ஒரு கதையா?" என்று கத்தினார். சரி, மாப்பிள்ளையைச் சமாதானம் செய்து, இவள் துணிப் பெட்டியையாவது வாங்கி வருவோம் என்று மறுநாள் லாட்ஜுக்குப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தார். பெட்டி இல்லை. முகம் பேயறைந்த மாதிரி. யாரிடமும் பேசாமல் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் அவளைப் போ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சூரத் கம்பெனியிலிருந்து, ஆள் வந்து சேரவில்லையே என்று அவன் வீட்டுக்கு இரண்டு தந்தி வந்ததாம். அவன் எங்கே போனான் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

லாட்ஜில் காசி வேணு மாமாவிடம் சொன்னது இதுதான். மாமா ரொம்ப நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"அவரு விடியக்காலையிலயே ரூம காலி பண்ணிட்டாரு சார். பன்னண்டாம் நம்பர் அம்மாதான் கூடப் போனாங்க. நீங்க யாரும்மான்னு கேட்டேன். மொத சம்சாரம்னாங்க. பொட்டி, ரயில் டிக்கெட்டு, எல்லாத்தையும் அவங்களே எடுத்துக்கினாங்க. அவருதான் என்னையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு போனாரு... எதனா சொல்ல வராப்புல வாயத் தொறக்கறாரு, சத்தமே வரல. அந்தம்மா ரோடு திரும்பற வரைக்கும் அவர் கைய விடவே இல்ல சார்."