அண்ணன் கேட்ட கன்ட்ரோலர்

பழைய வீடியோ கேம்களைத் திரும்ப ஆடுவதில் ஒரு சுகம் இருக்கிறது, சார். எந்தத் திருப்பத்தில் எது பாயும் என்று தெரிந்தே நடக்கலாம்.

இது நானும் அண்ணனும் பள்ளி நாட்களில் ஆடியது. கிரேக்கப் புராணத்தை வைத்துச் செய்த அடிதடி கேம். செத்துப்போன தங்கையைத் தேடிப் பாதாளத்துக்கு இறங்குகிறான் ஒரு படகோட்டி. வழியில் பாம்புக் கூந்தல்காரி, காளைத்தலை மனிதன், மூன்று தலை நாய். கடைசியில் பாதாள ராஜா.

அந்த ராஜாவை நான் ஒருமுறைகூட வென்றதில்லை. அவன் வாசலை நான் அடைந்ததும் அண்ணன் கையை நீட்டிவிடுவான்.

"கொடுடா, நீ சொதப்பிடுவ."

கொடுத்துவிடுவேன். அவன் ஜெயிப்பான். "நான்தான் முடிச்சேன்" என்று அம்மாவிடம் போய்ச் சொல்வான். அது பொய்யும் இல்லை.

போன வருடம் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. படுக்கையும் ஆக்சிஜன் மெஷினும் என்று ஆகிவிட்டான். வார விடுமுறையில் நான் போய் உட்கார்ந்தால் அண்ணி கொஞ்சம் வெளியே போய்வருவார். பரணில் கிடந்த அந்தக் கேமைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி கண் கலங்கிவிட்டார்.

அண்ணனுக்கு விரலில் பலமில்லை. நான் ஆடுவேன், அவன் சொல்வான். "இடது பக்கம் உருளுடா. கண்ணு எங்க இருக்கு உனக்கு?" இரண்டு வாக்கியம், பிறகு மூச்சு வாங்கும், பிறகு இரண்டு வாக்கியம். அவன் திட்டுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார். நான் ராஜாவின் வாசலுக்கு வந்துவிட்டேன். போர்வைக்குள்ளிருந்து அண்ணனின் கை வெளியே வந்தது.

"கொடுடா."

"உன்னால அழுத்த முடியாதுண்ணா."

"நீ சொதப்பிடுவ. கொடு."

அப்போதுதான் கரண்ட் போனது.

இன்வெர்ட்டர் லோடு தாங்கவில்லை, மெஷின் நின்றுவிட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். உங்கள் கான்ஸ்டபிளிடமும் அதையேதான் சொன்னேன். இன்வெர்ட்டர் பொருத்துவது என் தொழில் என்பதால் இருவரும் நம்பினார்கள். அதைத் திருத்திக்கொள்கிறேன். அந்த வீட்டு இன்வெர்ட்டரை மாட்டியவன் நான். மெஷின், டிவி, கேம் மூன்றையும் அது இரண்டு மணி நேரம் சுமக்கும். அன்று டிவி கண்கூடச் சிமிட்டவில்லை. கரண்ட் போனது எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கொடுத்தது, அவ்வளவுதான்.

மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். அலாரம் கத்தியது, அமுக்கினேன். கட்டிலோரம் அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை நான் தொடவில்லை.

"டேய்" என்றான் அண்ணன். பிறகு பேச்சு வரவில்லை. மூச்சு பத்தாவிட்டால் பேச்சுதான் முதலில் போகும். டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

சண்டைக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது. இரண்டு முறை செத்து, வாசலிலிருந்து மறுபடி தொடங்கினேன். மூன்றாவது முறையில் பின்னாலிருந்து அண்ணனின் விரல்கள் என் காலரைப் பிடித்தன. நல்ல பிடி. அவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். காலர் விடுபட்டது.

வீட்டு வாசல் பக்கம் இரண்டு தடவை காது போனது. அண்ணியாக இருக்குமோ என்று. இல்லை.

இடது பக்கம் உருளவே இல்லை, சார். வலது பக்கமாகவே உருண்டு ஜெயித்தேன்.

அவன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். பார்த்தும்விட்டான். ராஜா விழுந்ததும் பெருமையாகத் திரும்பினேன். அண்ணனின் கண்கள் டிவியைப் பார்த்தபடி நன்றாகத் திறந்தேதான் இருந்தன.